நம்பர் வரட்டும், அப்புறம் பாக்கலாம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

போன வாரம் வந்த வாய்ஸ் மெசேஜ்ல மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாங்க. ஒருத்தர் கோயம்புத்தூர், மாஸ்டர்ஸ் படிக்க இங்கிலாந்து வரப்போறார். இன்னொருத்தர் வந்து பத்து நாள் ஆச்சு, ஈஸ்ட் ஹாம்ல ரூம் எடுத்திருக்கார். மூணாவது ஒரு தங்கச்சி, பர்மிங்காம்ல இருந்து. கேள்வி இதுதான்: "நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் இன்னும் கைக்கு வரல. அது இல்லாம வேலைக்குச் சேர முடியுமா?"

பதில் ஒரே வார்த்தை. முடியும்.

இதோட மைக்கை ஆஃப் பண்ணிட்டுப் போயிடலாம். ஆனா இந்த ஒரு வார்த்தை 2023 அக்டோபர்ல எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு நான் கொடுத்த விலை 1,073 பவுண்டு. அன்னைக்கு நம்ம ஊர் கணக்குல ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல. அது எப்படிப் போச்சுங்கிறதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன். நடுநடுவுல இந்த நம்பரை எப்படி வாங்குறது, வாங்கினதும் என்ன பண்ணணும்னும் சொல்லிடறேன்.

அப்பா கேட்ட முதல் கேள்வி

நான் செப்டம்பர் நடுவுல வந்து இறங்கினேன். வயசு 24. எங்க அப்பா ராஜபாளையத்துல ஸ்பின்னிங் மில்லுல 30 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஏர்போர்ட்டுக்கு வரும்போது கையில ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கொடுத்தார். பத்தாவது மார்க் ஷீட்ல இருந்து டி.பி. டெஸ்ட் சர்டிஃபிகேட் வரைக்கும் அதுல எல்லாமே இருந்துச்சு. இப்படி ஒரு நம்பர் வாங்கணும்னு மட்டும் எந்தப் பேப்பர்லயும் இல்ல.

வந்த மூணாவது வாரம் ஒரு ரெஸ்டாரண்ட்ல வேலை கிடைச்சுது. பாத்திரம் கழுவணும், வெங்காயம் உரிக்கணும், ராத்திரி கடையைக் கூட்டி மூடணும். எங்க கடை, யாரோட கடைன்னு சொல்லப்போறதில்ல. ஓனரை அண்ணான்னுதான் கூப்பிடுவோம். நல்லாப் பேசுவார். வேலை முடிஞ்சதும் சாப்பாடு கட்டிக் கொடுப்பார். முதல் நாளே சொன்னார்: "தம்பி, என்.ஐ. நம்பர் இல்லாம உன்னை புக்ல ஏத்த முடியாது. ஏத்தினா பிரச்சினை உனக்கும்தான், எனக்கும்தான். நம்பர் வரட்டும், அப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் மணிக்கு அஞ்சு பவுண்டு கையில தர்றேன்."

அன்னைக்கு 23 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு சட்டப்படி குறைஞ்சபட்ச சம்பளம் மணிக்கு 10 பவுண்டு 42 பென்ஸ். அது எனக்குத் தெரியும், யுனிவர்சிட்டி ஓரியன்டேஷன்ல சொல்லியிருந்தாங்க. ஆனாலும் நான் தலையாட்டினேன். ஏன்னா அவர் பேசினதுல ஒரு நியாயம் இருக்கிற மாதிரி இருந்துச்சு. நம்ம ஊர்லயே பான் கார்டு இருக்கா, ஆதார் இருக்கான்னு கேட்காம எந்த கம்பெனி சேர்க்குது? இங்கயும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். தப்பு என்கிட்டதான், நம்பர் இல்லாதவன் நான்தானே!

அந்த வாரம் வீட்டுக்குப் பேசினப்போ அம்மா "சாப்பிட்டியா"ன்னு கேட்டாங்க. அப்பா போனை வாங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பி.எஃப். பிடிக்கிறாங்களா?"

மில்லுல வேலை பார்த்தவருக்கு அதுதான் அளவுகோல். பி.எஃப். பிடிச்சா அது வேலை. பிடிக்கலேன்னா அது கூலி.

"பிடிக்கிறாங்கப்பா"ன்னு சொல்லிட்டேன்.

இந்த நம்பர் உண்மையில என்ன?

கதையை இங்க கொஞ்சம் நிறுத்திட்டு, இந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம். ரெண்டு நிமிஷம்தான்.

1911-ல லாய்ட் ஜார்ஜ் நிதியமைச்சரா இருந்தப்போ நேஷனல் இன்சூரன்ஸ் சட்டம் வந்துச்சு. தொழிலாளி வாரத்துக்கு நாலு பென்ஸ் போடணும், முதலாளி மூணு பென்ஸ், அரசாங்கம் ரெண்டு பென்ஸ். நோய்வாய்ப்பட்டு வேலைக்குப் போக முடியாத நாள்ல அந்த நிதியில இருந்து பணம் கிடைக்கும். சில தொழில்கள்ல வேலை போனாலும் கிடைக்கும். கட்டினதுக்கு அடையாளமா ஒரு கார்டுல ஸ்டாம்ப் ஒட்டுவாங்க. இன்னைக்கும் இங்க வயசானவங்க சிலர் இதை "ஸ்டாம்ப் கட்டுறது"ன்னுதான் சொல்வாங்க. அப்புறம் 1942-ல பெவரிட்ஜ் அறிக்கை. அதை வெச்சு 1948 ஜூலை 5-ஆம் தேதி புது நேஷனல் இன்சூரன்ஸ் திட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. என்.எச்.எஸ். தொடங்கினதும் அதே நாள்தான்.

ஆக, இந்த நம்பர் ஒரு கணக்கு நம்பர். ரெண்டு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில ஏ, பி, சி, டி-ல ஏதாவது ஒரு எழுத்து. ஒருத்தருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே நம்பர்தான். கல்யாணம் ஆனாலும், பேர் மாத்தினாலும், நாட்டை விட்டுப் போயிட்டு இருபது வருஷம் கழிச்சு வந்தாலும் அதேதான். நம்ம ஊர்ல வருமான வரிக்கு பான், பி.எஃப்.புக்கு யு.ஏ.என்.னு தனித்தனியா இருக்குல்ல? இங்க சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்களுக்கு ரெண்டு கணக்கும் இந்த ஒரு நம்பர் கீழதான் போகுது.

இது என்ன இல்லைங்கிறதுதான் இன்னும் முக்கியம். இது வேலை செய்யறதுக்கான அனுமதி இல்ல. அடையாள அட்டையும் இல்ல. உங்களுக்கு வேலை செய்யும் உரிமையைக் கொடுக்கிறது விசா. முதலாளி சரிபார்க்க வேண்டியதும் அதைத்தான். இப்போ எல்லாருக்கும் இ-விசா. யு.கே.வி.ஐ. அக்கவுண்ட்டுக்குள்ள போய் ஒரு ஷேர் கோட் எடுக்கணும். அந்த கோடையும் பிறந்த தேதியையும் கொடுத்தா, உங்களுக்கு வேலை செய்ய உரிமை இருக்கா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு முதலாளி ஆன்லைன்ல பார்த்துக்கலாம். கோடு 90 நாள் செல்லும். இந்த உரிமை இல்லாத ஒருத்தரைச் சரிபார்க்காம வேலைக்கு வெச்சு மாட்டினா, 2024 பிப்ரவரியில இருந்து முதல் தடவைக்கே ஆளுக்கு 45,000 பவுண்டு வரைக்கும் அபராதம். அதனால ஒழுங்கான முதலாளி முதல்ல கேட்கிறது ஷேர் கோடைத்தான்.

எங்க அண்ணா என்கிட்ட ஷேர் கோடு கேட்கவே இல்ல. சந்தேகம் வர வேண்டிய இடம் அதுதான். எனக்கு அப்போ வரல.

சரி, நம்பர் இல்லாத ஆளை எப்படி புக்ல ஏத்துவாங்க? ரொம்ப சுலபம். சம்பளக் கணக்கை எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்பும்போது அந்த நம்பருக்கான கட்டத்தைக் காலியா விட்டுட்டு, பேர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சரியா போட்டு அனுப்பலாம். நம்பர் வந்ததும் சேர்த்துக்கலாம். அரசாங்கத்தோட சொந்த இணையதளத்துலயே இது இருக்கு: வேலை செய்யும் உரிமையை நிரூபிக்க முடிஞ்சா, நம்பர் வர்றதுக்கு முன்னாடியே வேலையைத் தொடங்கலாம். அப்ளை பண்ணியிருக்கேன்னு முதலாளிகிட்ட சொல்லணும், வந்ததும் கொடுக்கணும். அவ்வளவுதான்.

60 பவுண்டு, அஞ்சு வாரம்

நம்பர் வாங்க நான் பண்ணின முதல் காரியமே தப்பு. ரூம்மேட் ஒருத்தன் சொன்னான், "ஒருத்தர் பண்ணித் தருவார் மச்சி, 60 பவுண்டு"ன்னு. பாஸ்போர்ட் போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பி, பணமும் போட்டேன். "பிராசஸ்ல இருக்கு"ன்னு அஞ்சு வாரம் பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் பதிலே வரல.

இந்த நம்பர் இலவசம் மக்களே. ஒரு பென்ஸ் கிடையாது. ஏஜென்ட் யாரும் இதை வேகமா வாங்கித் தர முடியாது, ஏன்னா அவங்களும் நிரப்பப்போறது அதே ஃபார்ம்தான். கூகுள்ல தேடினா காசு கேட்கிற தளங்களும் வரும். முகவரியில கவ் டாட் யூ.கே.ன்னு முடியுதான்னு பார்த்துட்டு உள்ள போங்க.

கடைசியில நவம்பர்ல ஒரு ராத்திரி வேலை முடிஞ்சு வந்து நானே உட்கார்ந்து பண்ணினேன். அரை மணி நேரம்கூட ஆகல. ஃபார்ம் முடிஞ்சப்போ கோபம் வந்துச்சு, யார் மேலன்னு தெரியல.

முறை இதுதான். இங்கிலாந்துக்குள்ள வந்த பிறகுதான் அப்ளை பண்ண முடியும். சென்னையில இருந்துட்டே முன்கூட்டிப் பண்ணி வெச்சுக்கிறது நடக்காது. ஆன்லைன்ல ஃபார்ம் நிரப்பி, பாஸ்போர்ட் விவரத்தை வெச்சு அடையாளத்தை நிரூபிக்கணும். சிலரை நேர்ல வரச் சொல்லலாம். உங்க இ-விசாவில பேரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே இருக்கான்னு முதல்ல பார்த்துடுங்க. நம்ம ஆட்களுக்கு இனிஷியல், அப்பா பேர், குடும்பப் பேர்னு எங்கயாவது ஒரு இடத்துல இடிக்கும். அடையாளம் உறுதியானதுக்கு அப்புறம் நாலு வாரம் வரைக்கும் ஆகலாம். அது வரைக்கும் அந்த அப்ளிகேஷன் ரெஃபரன்ஸ் நம்பரைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

அப்புறம், நம்பர் தபால்லதான் வரும். நான் ரெண்டாவதா மாட்டினது இதுல. அப்ளை பண்ணின ரெண்டாவது வாரமே ரூம் மாறிட்டேன். இங்க பல வீடுகள்ல தபால் கதவுத் துவாரம் வழியா உள்ள விழும், யாரோ எடுத்து ரேடியேட்டர் மேல போடுவாங்க, அதுக்கு மேல பீட்சா கடை நோட்டீஸ் குவியும். என் நம்பர் அந்தக் குவியலுக்குள்ள படுத்துட்டு இருந்துச்சு. மாறுறதா இருந்தா, மாறின பிறகு அப்ளை பண்ணுங்க. முடியலேன்னா பழைய வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வெச்சுட்டுப் போங்க.

"ஷேர் கோட்டைத் தாரும்"

டிசம்பர் முதல் வாரம். ஒரு சூப்பர் மார்க்கெட்ல ஆள் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். மேனேஜர் ஒரு அக்கா, யாழ்ப்பாணத்துல இருந்து சின்ன வயசுல வந்தவங்க. எல்லாம் பேசி முடிச்சதும் நானே முந்திக்கிட்டு, "அக்கா, ஒரு விஷயம், எனக்கு என்.ஐ. நம்பர் இன்னும் வரல"ன்னு சொன்னேன். குரலே இறங்கிடுச்சு. அதோட அனுப்பிடுவாங்கன்னு நினைச்சேன்.

அவங்க கம்ப்யூட்டர்ல இருந்து தலையைத் தூக்கல. "அது வரேக்க தாரும் தம்பி. இப்ப ஷேர் கோட்டைத் தாரும்."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "நம்பர் இல்லாம எப்படி அக்கா சம்பளம் போடுவீங்க?"

"ஏன், உமக்குப் பேர் இல்லையோ? பிறந்த திகதி இல்லையோ?"

திரும்பி பஸ்ல வரும்போது கணக்குப் போட்டேன். வாரத்துக்கு 18 மணி நேரம். 10.42 கணக்குல 187 பவுண்டு 56 பென்ஸ் வரணும். எனக்கு வந்தது 90. வாரத்துக்கு 97 பவுண்டு 56 பென்ஸ் குறைவு. 11 வாரத்துக்கு 1,073. என்னை ஒழுங்கா புக்ல ஏத்தியிருந்தா, அண்ணா முதலாளியோட பங்கா நேஷனல் இன்சூரன்ஸுக்குக் கட்ட வேண்டியிருந்தது வாரத்துக்கு ரெண்டு பவுண்டுகூட இல்ல. அவர் மிச்சம் பிடிச்சது வரியை இல்ல. என் சம்பளத்தை.

இன்னொண்ணும் அன்னைக்குத்தான் புரிஞ்சுது. ஒழுங்கா புக்ல இருந்திருந்தா எனக்கு எவ்வளவு பிடிச்சிருப்பாங்க? பூஜ்யம். வாரத்துக்கு 242 பவுண்டு வரைக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் பிடிக்க மாட்டாங்க, வருஷத்துக்கு 12,570 வரைக்கும் வருமான வரி கிடையாது. "கேஷ்ல வாங்கினா வரி மிச்சம்"னு சொல்வாங்களே, இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிக்கிறது? 2025 ஏப்ரல் கணக்குல சொல்றேன், நீங்களே பாருங்க. 21 வயசுக்கு மேல மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். ஸ்டூடண்ட் விசாவில டிகிரி படிக்கிறவங்க டெர்ம் நேரத்துல வேலை பார்க்கக்கூடிய 20 மணி நேரத்துக்கு 244 பவுண்டு 20 பென்ஸ். அதுல நேஷனல் இன்சூரன்ஸ் 18 பென்ஸ், வருமான வரி அரை பவுண்டு. ஒரு டீக்குக்கூடப் பத்தாது.

அது மட்டும் இல்ல. 2025-26 கணக்குப்படி வாரம் 125 பவுண்டுக்கு மேல சம்பாதிச்சா, ஒரு பென்ஸ் கட்டாமலே அந்த வாரம் உங்க கணக்குல கட்டின மாதிரி ஏறும். அந்தக் கணக்குல ஒரு நிதியாண்டுல சுமார் 6,500 பவுண்டு சேர்ந்தா, அது பென்ஷனுக்கு ஒரு முழு வருஷம். பத்து வருஷம் சேர்ந்தாதான் ஸ்டேட் பென்ஷன் கிடைக்கும், முழு பென்ஷனுக்கு 35 வருஷம். முழுசுங்கிறது 2025-26-ல வாரத்துக்கு 230 பவுண்டு 25 பென்ஸ். ஊருக்குத் திரும்பிட்டாலும் வாங்கலாம், ஆனா இந்தியாவுல இருந்தா வருஷா வருஷம் ஏத்த மாட்டாங்க. 24 வயசுல யாருக்குப் பென்ஷன் ஞாபகம் வரும்? எங்க அப்பாவுக்கு வந்துச்சு. போன்ல அவர் கேட்டது அதைத்தான்.

அந்த ஒரு கட்டம்

புது வேலையில முதல் நாள் ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க. ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட். முந்தின வேலையில இருந்து பி45 கொண்டு வராதவங்க எல்லாரும் இதை நிரப்பணும். அதுல ஏ, பி, சி-னு மூணு வாசகம், ஒண்ணை டிக் பண்ணணும். ஏ: ஏப்ரல் 6-க்கு அப்புறம் இதுதான் என் முதல் வேலை. பி: இப்போ இது ஒண்ணுதான் வேலை, ஆனா ஏப்ரல் 6-க்கு அப்புறம் வேற வேலை பார்த்திருக்கேன். சி: இது தவிர இன்னொரு வேலையும் இருக்கு. இங்க நிதியாண்டு ஏப்ரல் 6-ல தொடங்குது, அதனாலதான் அந்தத் தேதி.

பேனாவைப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் அந்த மூணு வரியையே பார்த்துட்டு இருந்தேன். ஏ-ன்னு போட்டா பொய். 11 வாரம் பாத்திரம் கழுவியிருக்கேன், கைவிரல் நுனி இன்னும் வெடிச்சிருக்கு. பி-ன்னு போட்டா, எந்த வேலை, எங்கன்னு யாராவது கேட்டா என்ன காட்டுவேன்? பேஸ்லிப் இல்ல, லெட்டர் இல்ல. மாட்டிக்குவேனோ, விசாவுக்கு ஏதாவது ஆகுமோன்னு பயம். எதையும் டிக் பண்ணாம, "நாளைக்குத் தர்றேன்"னு சொல்லிட்டுப் பையில வெச்சுக்கிட்டேன். கொடுக்கவே இல்ல.

அதுக்கு என்ன பலன் தெரியுமா? செக்லிஸ்ட் வரலேன்னா சம்பளம் போடுறவங்க 0டி-ன்னு ஒரு டேக்ஸ் கோடு போடுவாங்க. வரியில்லாத வரம்பு உங்களுக்கு இல்லைன்னு அர்த்தம், முதல் பவுண்டுல இருந்தே 20 சதவீதம். முதல் நாலு வாரச் சம்பளம் 833 பவுண்டு 60 பென்ஸ். அதுல 166 பவுண்டு சொச்சம் வரியா போயிடுச்சு.

மேனேஜர் அக்காகிட்ட போய் நின்னேன். நடந்ததை முழுசா சொன்னேன். அவங்க கேட்டுட்டு, "நீர் வேலை செய்தது உண்மைதானே? இருவது மணித்தியாலத்துக்கு மேல செய்தனீரோ?" "இல்ல அக்கா." "பிறகு ஏன் பயம்? பி-யில போடும்."

பயப்பட எதுவும் இல்லேன்னு நானே தேடிப் படிச்சு உறுதி பண்ணிக்கிட்டேன். என் மணி நேரம் வரம்புக்குள்ளதான் இருந்துச்சு. சம்பளத்தைப் பதிவு பண்ண வேண்டிய கடமை முதலாளியோடது. அந்த வருஷம் என் மொத்த வருமானமே 12,570-க்கு ரொம்பக் கீழ, அதனால கட்ட வேண்டிய வரின்னும் ஒண்ணும் இல்ல. அதுக்குள்ள பழைய வீட்டுப் பையன் தபால் குவியல்ல இருந்து என் கடிதத்தையும் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டான். அந்த நம்பரை வெச்சு எச்.எம்.ஆர்.சி.யில ஆன்லைன் அக்கவுண்ட் திறந்தேன். விவரம் கொடுத்ததும் கோடு 1257எல்-னு மாறுச்சு, அடுத்த சம்பளத்துலயே 166 பவுண்டு திரும்பி வந்துச்சு. உங்க பேஸ்லிப்ல முதல்ல அந்த டேக்ஸ் கோடைப் பாருங்க. ஒரே ஒரு வேலை, ஆனா 0டி-ன்னோ பி.ஆர்.னோ இருந்தா உடனே கேளுங்க. வருஷம் முடிஞ்சு போனாலும் அதிகமாப் பிடிச்ச வரியை நாலு வருஷம் வரைக்கும் பின்னால போய்த் திரும்பக் கேட்கலாம்.

திரும்பப் போனேன்

அந்த 1,073 பவுண்டு என்னாச்சுன்னு கேட்பீங்க.

ஜனவரியில அண்ணாவைப் போய்ப் பார்த்தேன். நம்பர் வந்துடுச்சு, பாக்கியைக் கொடுங்கன்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டே, "எந்தப் பாக்கி? நீ இங்க வேலை பார்த்ததுக்கு என்ன ரெக்கார்டு இருக்கு?"ன்னார். கோபமாக்கூடச் சொல்லல. உள்ள புதுசா ஒரு பையன் வெங்காயம் உரிச்சுட்டு இருந்தான். என் ஏப்ரன்தான் கட்டியிருந்தான்.

ரெக்கார்டு இருந்துச்சு. வாராவாரம் அவர் வாட்ஸ்அப்ல அனுப்பின ஷிஃப்ட் பட்டியல். அந்தந்த நாள் பஸ்ல கார்டு தட்டினதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட். ராத்திரி கடை மூடும்போது "பூட்டியாச்சு அண்ணா"ன்னு நான் போட்ட மெசேஜ்கள், நேரத்தோட. இதையெல்லாம் எடுத்துக்கிட்டு ஏகாஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, வேலை இடத்துத் தகராறுகளுக்கு, அவங்க ஹெல்ப்லைனுக்குப் பேசினேன். இலவசம். தீர்ப்பாயத்துக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பேசி முடிச்சு வைக்க ஒரு வழி இருக்குன்னாங்க. அப்போ அதுக்கு மூணு மாசத்துக்கு ஒரு நாள் குறைவான கெடு. நான் பிப்ரவரியில பதிவு பண்ணினேன். நடுவுல இருந்து பேசினவங்க ரெண்டு பக்கமும் போன் பண்ணினாங்க. அண்ணா கடைசியா 650-க்கு ஒத்துக்கிட்டார்.

நான் வாங்கிக்கிட்டேன். முழுசுக்கும் நின்னிருக்கலாம். தீஸிஸ் டெட்லைன் இருந்துச்சு, மனசுல தெம்பு இல்ல. 423 பவுண்டை விட்டுட்டேன். இன்னைக்கும் அது உறுத்தும். அதைவிட அதிகமா உறுத்துறது அந்தப் பையன். பணம் கைக்கு வந்த பிறகுதான் அவன்கிட்ட போய்ப் பேசினேன். ஜனவரியில அவனைப் பார்த்த அன்னைக்கே பேசியிருக்கணும். என் விவகாரம் கெட்டுடுமோன்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன். அவன் ஏழு வாரம் அஞ்சு பவுண்டுக்கு வேலை பார்த்திருந்தான். "நம்பர் இல்லாம ஏத்த முடியாதாமே ப்ரோ"ன்னான்.

இந்த எபிசோடை நான் பண்றதுக்குக் காரணம் அவன்தான்.

கிளம்புறதுக்கு முன்னாடி

நாலு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். ஒண்ணு: யாரோட நம்பரையும் கடன் வாங்கி வேலை செய்யாதீங்க, உங்க நம்பரையும் யாருக்கும் கொடுக்காதீங்க. நீங்க உழைச்சது இன்னொருத்தர் கணக்குல ஏறும், பிடிபட்டா ரெண்டு பேருக்கும் சிக்கல். ரெண்டு: நம்பர் வந்துடுச்சுங்கிறதுக்காக எந்த வேலையும் பார்க்கலாம்னு இல்ல. ஸ்டூடண்ட் விசாவில சுயதொழில் கூடாது. சாப்பாடு டெலிவரி ஆப்கள்ல ஓட்டுறது பெரும்பாலும் அந்தக் கணக்குலதான் வரும். 20 மணி நேரம்ங்கிறது திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும், எத்தனை வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்த்து. மூணு: "உங்க நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கு, ஒண்ணை அழுத்துங்க"ன்னு ரெக்கார்டட் கால் வந்தா வெச்சுடுங்க. அது மோசடி. நாலு: எந்த வேலையா இருந்தாலும், எத்தனை மணி நேரமா இருந்தாலும் பேஸ்லிப் வாங்குறது உங்க சட்டப்படியான உரிமை. முதல் நாளே கேளுங்க. குறைஞ்சபட்ச சம்பளம் தரலேன்னா புகார் கொடுக்கலாம், பேர் சொல்லாமலும் கொடுக்கலாம்.

கோடு சரியாகி வந்த அந்த பேஸ்லிப்பை போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல கூப்பிட்டார். கண்ணாடி போட்டுட்டு வரிவரியா படிச்சிருப்பார் போல. "நேஷனல் இன்சூரன்ஸ்னு போட்டு பூஜ்யம்னு இருக்கே, பிடிக்கலையா?"ன்னு கேட்டார். பிடிக்காமலே கணக்குல ஏறும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அப்போ அக்டோபர்ல இருந்தே ஏறிட்டு இருக்கா?"

அன்னைக்குத்தான் அவர்கிட்ட உண்மையைச் சொன்னேன்.

இந்த வாரம் அவ்வளவுதான் மக்களே. செப்டம்பர்ல வரப்போற ஃப்ரெண்டு யாராவது இருந்தா அவங்களுக்கு அனுப்பி விடுங்க. ஷேர் கோடு எடுக்கிறப்போ ஏதாவது சிக்கல்னா வாய்ஸ் மெசேஜ் போடுங்க, அடுத்த எபிசோடுல பேசலாம். வரேன்.